கோயில் வைஃபையின் பாஸ்வேர்ட்

எங்கள் கம்பனியில் இப்போது வேலை செய்கிற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். கண்டியில் கதிரையை விட்டு எழும்பாமலே மாத்தளையில் இருக்கிற ஹோட்டலின் வைஃபையைத் திருத்திவிடுகிறார்கள். அவர்களுக்கு முன்னால் உள்ள திரையில் எல்லாம் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று தெரிகிறது. போன மாதம் அவர்களில் ஒருவர் எனக்குப் போன் எடுத்து, "அங்கிள், இங்க எல்லாமே பச்சையா இருக்கு, ஆனா கஸ்டமர் விடாம ஏசுறாரு, என்னா செய்யிறது?" என்று கேட்டார். "செருப்பப் போட்டுக்கிட்டு அங்க போங்க" என்றேன். அது பகிடி என்று நினைத்துச் சிரித்தார். அது பகிடி இல்லை. ஏன் இல்லை என்று எழுதித் தாருங்கள் என்று பிறகு கேட்டார்கள். அதனால் எழுதுகிறேன்.

நான் கலஹாவில் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் எட்டாம் வகுப்பு வரைக்கும் படித்தவன். கூரைகளில் ஏறி டீவி அன்டெனா பூட்டினேன், பிறகு டெலிபோன் வயர் இழுத்தேன், பிறகு முருகன் காட்டிய வழியில் கட்டுகஸ்தோட்டையில் ரவூப் நானாவின் கம்பனியில் சேர்ந்தேன். வேலைக்கு ஆள் எடுக்கும்போது அவர் என்னிடம் சான்றிதழ் கேட்கவில்லை. ஏணியில் நிற்கும்போது கீழே இருந்து யாராவது ஏசினால் என்ன செய்வாய் என்று மட்டும் கேட்டார். "கேட்டுக்கிட்டே வேலையப் பாப்பேங்க" என்றேன். அன்றே வேலை கிடைத்தது.

ரவூப் நானாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நானா என்றால் எங்கள் பக்கத்து முஸ்லிம்களுக்கு அண்ணன். மெலிந்த மனிதர். சட்டைப் பையில் தொழுது முடித்து எண்ணுகிற தஸ்பீஹ் மணியும் ஸ்க்ரூ டிரைவரும் ஒன்றாகவே கிடக்கும். வைஃபை விட்டுவிட்டு வருகிறது என்று யார் கூப்பிட்டாலும், போனவுடன் மெஷினைத் தொட மாட்டார். முதலில் ஒரு பிளேன்டீ. அதைக் குடித்துக்கொண்டே, யாருக்குப் போகிறது, எந்த இடத்தில் போகிறது, எந்த நேரத்தில் போகிறது, எல்லாருக்கும் போகிறதா அல்லது ஒருவருக்குத்தானா என்று கேட்பார். அதற்குப் பிறகு லைனை வயரில் நேராகச் சோதிப்பார். வயரில் சரியென்றால் குற்றம் காற்றில் இருக்கிறது. பிறகு போனைக் கையில் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க மெதுவாக நடப்பார், குழந்தையைத் தூங்க வைக்கிறவர் மாதிரி. கடைசியில்தான் ஏணி. "மெஷின் பொய் சொல்லாது சிவம். ஆனா கேட்டதுக்கு மட்டுந்தான் பதில் செல்லும். மனுசன் கேக்காததையும் செல்லுவான். அதனால மனுசன மொதல்ல கேளு" என்பார். சொல்லு என்பது அவர் வாயில் செல்லு என்றும், இருக்கு என்பது ஈக்கு என்றும்தான் வரும்.

அவர் சொன்னது எத்தனை தரம் பலித்தது என்று எனக்கே தெரியாது. குண்டசாலையில் ஒரு விருந்தினர் விடுதியில் மேல் மாடி அறைகளுக்கு மட்டும் வைஃபை ஏறவில்லை. நான் கூரை, சுவர், கம்பி எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். நானா சமையல்கார அம்மாவோடு டீ குடித்துவிட்டு வந்து, "பாயிண்ட் அலுமாரிக்குள்ள ஈக்குதாம்" என்றார். பாயிண்ட் என்று நாங்கள் சொல்வது அக்சஸ் பாயிண்ட்டை, சிக்னலைக் காற்றில் விடுகிற அந்த வெள்ளைத் தட்டை. சீலிங்கில் அது கண்ணைக் குத்துகிறது என்று முதலாளியின் மனைவி கழற்றி, வயரோடு இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டியிருந்தார். திறப்பு, அதாவது சாவி, அவருடைய இடுப்பில். அவர் கோயிலுக்குப் போயிருந்தார். நாங்களும் இன்னொரு டீ குடித்தோம்.

இனி எங்கள் கோயில் கதைக்கு வருகிறேன். எந்தக் கோயில் என்று சொல்ல மாட்டேன். கண்டிக்குப் பக்கத்தில், ரோட்டோரமாக, எதிரில் பஸ் நிற்கிற ஹோல்ட்டும் இரண்டு தேத்தண்ணிக் கடையும் உள்ள முருகன் கோயில். என் குடும்பம் வழிவழியாகக் கும்பிடுகிற இடம்.

அந்த வருடம் ஆடி மாதத்தில் கலஹாவில் இருக்கும் என் அக்கா இராசம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். கொழுந்து பறித்தே காலம் முழுக்க மலையில் ஏறி இறங்கியவர், வீட்டு வாசல்படியில் விழுந்தார். கட்டிலோடு கிடந்தாலும் கந்தசஷ்டி விரதத்தை விட மாட்டேன் என்று நின்றார். சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, உள்ளவர். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டு, இரவில் பாலும் பழமும் எடுத்தால் சரி, அதையும் விட்டால் ஆஸ்பத்திரிதான் என்று சொல்லி அனுப்பினார். அக்காவுக்கு அதுவும் சம்மதம்தான். ஆனால் ஒரு நிபந்தனை: கோயில் தீபாராதனையைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பாலைத் தொடுவார்.

அந்த வருடம்தான் கோயிலில் இருந்து பூசையை நேரடியாகப் போனில் காட்ட ஏற்பாடு செய்திருந்தார்கள். வைஃபை பூட்டியது எங்கள் கம்பனி. பாயிண்ட் இரண்டு: அலுவலகத்தில் ஒன்று, முன்மண்டபத் தூணில் ஒன்று. கமரா என்பது ஒரு போன். அதைப் பிடிப்பவர் பக்கத்துத் தையல்காரர், கை ஆடாது என்பதற்காகத் தெரிவு செய்யப்பட்டவர்.

முதல் நாள் மாலை, கற்பூரத் தட்டை ஐயர் தூக்கிய நேரம் பார்த்து படம் நின்றது. கலஹாவில் அக்காவின் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. அக்காவின் மருமகள் பிறகு முழுப் பூசையையும் பதிவில் போட்டுக் காட்டியிருக்கிறாள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, "முடிஞ்சு போன பூசைக்கு எப்படிடீ கும்பிடுறது?" என்று கேட்டுவிட்டுப் படுத்துவிட்டார். விடியும்போது கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. மருமகள் அழுதுகொண்டே எனக்குப் போன் எடுத்தாள். அக்கா அதைப் பறித்து, "தம்பி, நீ ஊர்ல இருக்க ஹோட்டலுக்கெல்லாம் லைன் குடுக்கிற. முருகனுக்குக் குடுக்க மாட்டியா?" என்றார். அது போதுமாக இருந்தது.

கோயில் தலைவர் ஹார்ட்வெயார் கடை முதலாளி. எந்தக் கோளாறுக்கும் அவரிடம் உள்ள மருந்து ஒன்றுதான்: கூட்டுவது. "பவரை முழுசா கூட்டி விடுங்க சிவம். முருகன் கோயில், குறைச்சு வைக்கலாமா?" என்றார். கூட்டினேன். இரண்டாம் நாள் முன்னதைவிட மோசம். தீபாராதனை முடிந்து நெடுநேரம் கழித்துத்தான் படம் வந்தது. நல்லவேளையாக ஐயர் அக்காவுக்காக இன்னொரு தரம் கற்பூரம் ஏற்றினார். மூன்றாம் நாளும் அதே கதை. சூரசம்ஹாரத்தை அப்படி இன்னொரு தரம் நடத்திக் காட்ட முடியாது.

நாலாம் நாள் காலையில் ரவூப் நானா வந்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு முன்மண்டபத்துக்கு இந்தப் பக்கமாகவே நின்றார். உள்ளே வரச் சொன்னதற்கு, "இங்க நிண்டா எல்லாம் வெளங்கும் ஐயா" என்று ஐயருக்கு மரியாதையாகச் சொன்னார். வயரில் சோதித்தார், லைன் சுத்தம். பிறகு என்னை அங்கேயே விட்டுவிட்டு ரோட்டைக் கடந்து தேத்தண்ணிக் கடைக்குப் போனார். போனவர் வரவில்லை. நான் தேடிப் போனபோது, த்ரீவீல் ஓட்டும் மணியோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்.

"இங்க வைஃபை ஏதும் ஈக்கா தம்பி?" என்று நானா ஒன்றும் தெரியாதவர் போலக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கோயில் வைஃபை இருக்குங்க நானா. நல்லா வருது, முந்தா நாள்ல இருந்து ஹோல்ட் வரைக்கும் வருது."

"பாஸ்வேர்ட் யாருட்ட கேக்கிற?"

மணி போனில் இருந்து தலையைத் தூக்கவே இல்லை. "யாருகிட்டயும் கேக்க வேணாம். முருகன் பேருதான். போன வாரம் வேலன். இந்த வாரம் மாத்திட்டாங்க. கந்தன், கடம்பன், குமரன்னு போட்டுக்கிட்டே போனீங்கன்னா ஏதாச்சும் ஒண்ணு தொறக்கும்."

நானா என்னைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அவர் சிரிக்காமல் பார்க்கும்போதுதான் நமக்கு அடக்க முடியாமல் வரும்.

விசயம் இதுதான். பாஸ்வேர்ட் இறைவன் திருநாமமாகவே இருக்க வேண்டும் என்பது தலைவரின் கட்டளை. ஒவ்வொரு தரமும் யாராவது அதை எழுத்தெழுத்தாக அடிக்கும்போது ஒரு தரம் நாமம் சொன்ன புண்ணியம் சேருமாம். அடிக்கடி மாற்றுவார், மாற்றுவது எப்படி என்று நான்தான் அவருக்குக் கற்றுக்கொடுத்திருந்தேன். மறைக்க மாட்டேன், எனக்கும் அந்த யோசனை பிடித்திருந்தது. ஆனால் முருகன் பெயர் தெரியாத பக்தன் எங்கே இருக்கிறான்? மாலைப் பூசைக்கு வருகிறவர்கள் எல்லாருடைய போனும் கோயில் வைஃபையில். பவரைக் கூட்டிய பிறகு பஸ்ஸுக்கு நிற்கிறவர்களும் கடையில் வடை தின்கிறவர்களும் சேர்ந்துவிட்டார்கள்.

கோயிலுக்குத் திரும்பி வந்து இதைச் சொன்னபோது, தூரத்தில் நிற்கிறவர்கள் சேர்ந்தால் என்ன கேடு என்று தலைவர் கேட்டார். நானா அர்ச்சனைச் சீட்டு வாங்குகிற இடத்தைக் காட்டினார். பக்கத்தில் வந்து பெயர், நட்சத்திரம் சொல்கிறவருக்குச் சீட்டு உடனே கிடைக்கும். ஒருவர் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று கத்திச் சொன்னால், சீட்டு எழுதுகிறவர் என்ன, என்ன என்று திருப்பித் திருப்பிக் கேட்க வேண்டும். அதுவரைக்கும் வரிசையில் உள்ள எல்லாரும் நிற்பார்கள். "பாயிண்ட் போடுற சத்தம் ஹோல்ட் வரைக்கும் கேக்கும். ஹோல்ட்ல உள்ள போன் பேசுறது பாயிண்டுக்குக் கேக்காது. உங்கட கமரா அந்த வரிசையில நிக்கிற ஒராள். நெரிசல்ல ஒருக்கா வெளிய தள்ளுப்பட்டா, திரும்ப உள்ள வர எடமில்ல."

மருந்தும் சொன்னார். பவரைக் குறைப்பது. பக்தர்களை எல்லாம் அலுவலகப் பாயிண்டில் விடுவது. தூணில் உள்ள பாயிண்ட் கமராவுக்கு மட்டும், வேறு பெயரில், வேறு பாஸ்வேர்ட்டோடு. அந்தப் பாஸ்வேர்ட் அர்த்தமில்லாத எழுத்தும் இலக்கமும் கலந்ததாக இருக்கட்டும் என்றார்.

தலைவருக்கு முகம் மாறிவிட்டது. சாமியைக் காட்டுகிற கமராவுக்கு அர்த்தமில்லாத எழுத்தா? வேண்டுமானால் ஒருவருக்கும் தெரியாத திருநாமம் ஒன்றை வைப்போம் என்றார். ஐயரிடம் ஆயிரம் நாமப் புத்தகத்தை வாங்கி, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் தேடி, அக்கினிபூ என்ற பெயரைக் கண்டுபிடித்தார். நெருப்பில் தோன்றியவன் என்று அர்த்தமாம். நான் என் ஆயுளில் கேட்டதில்லை. நானா அதையே போட்டுவிட்டு அசர் தொழுகைக்குப் போனார்.

அன்று தீபாராதனையின் முதல் பாதி கண்ணாடி மாதிரி வந்தது. பிறகு நின்றது. என் போனில் திறந்து பார்த்தால் கமராவின் பாயிண்டில் கோயில் பாதி உட்கார்ந்திருக்கிறது. மணியைத் தேடிப் பிடித்து எப்படியடா கண்டுபிடித்தாய் என்று கேட்டேன்.

"தலைவரு பூசைக்கு முன்னுக்குப் பேசுனாருல்ல. அக்கினிபூன்னு ஒரு பேர அவ்வளவு நேரம் வெளக்குனாரு. அவரு சும்மா வெளக்குவாரா?"

அன்று இரவு அக்கா பால் குடித்தார். எப்படியென்றால், நான் போனில் முருகன் மேல் சத்தியம் பண்ணினேன், சூரசம்ஹாரத்தை நின்று போகாமல் காட்டுகிறேன் என்று. "சத்தியம் பண்ணிட்ட. காட்டலேன்னா பால் இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அங்கயும் இல்ல" என்றார். அவர் சொன்னால் சொன்னதுதான்.

ஐந்தாம் நாள் நானா, தலைவர், ஐயர், நான் நாலு பேரும் மண்டபப் படியில் உட்கார்ந்தோம். நானா தாடியைத் தடவிக்கொண்டு மிகவும் பணிவாகக் கேட்டார். "கோவிச்சுக்காதீங்க. ஒங்கட சாமியோட நாளைக்குச் சண்ட போடுறாரே, அவருக்குப் பேர் என்ன?"

"சூரபத்மன்" என்றேன் நான்.

"அவர்ட பேர இந்தக் கோயிலுக்குள்ள யாரும் போனில அடிப்பாங்களா?"

தலைவர் இரண்டு காதையும் பொத்தாத குறை. அசுரன் பெயரைக் கோயிலில் வைப்பதா, அதுவும் சஷ்டியில் வைப்பதா என்று எழும்பிவிட்டார். நானும் மனதுக்குள் முருகா, முருகா என்றேன். காப்பாற்றியது ஐயர்தான். அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு நிதானமாகச் சொன்னார்: "சூரன் வேறெங்க போனான்? வேல் பட்டதும் மயிலும் சேவலுமா ஆனான். சுவாமி அவன்மேலதானே ஏறி உக்காந்திருக்கார். அவனும் நம்ம கோயில் ஆள்தான். வைக்கலாம்."

தலைவர் இரண்டு நிபந்தனையோடு இறங்கி வந்தார். ஒன்று, அந்தப் பெயரைத் தான் அடிக்க மாட்டார். இரண்டு, சம்ஹாரம் முடிந்ததும் அந்தப் பெயர் கோயிலில் இருக்கக் கூடாது, மயில் என்று மாற்றிவிட வேண்டும். செத்தவன் பெயரை வைத்துக்கொண்டிருக்க முடியாது. சரி என்றோம். நான் குளித்து, திருநீறு பூசி, முருகனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சூரபத்மன் என்று ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். அன்று மாலை தீபாராதனை ஆடாமல் அசையாமல் கலஹாவுக்குப் போனது. மணி முருகன் பெயர்களை முடித்துவிட்டு பிள்ளையார் பெயர்களுக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன்.

ஆறாம் நாள் நான் கோயிலில் நிற்கிறேன் என்றதற்கு நானா விடவில்லை. "வேல செஞ்ச எடத்தில இருந்து பாத்தா எல்லாம் சரியாத்தான் தெரியும். கஸ்டமர்ட கதிரையில போய் உக்காந்து பாரு. இங்க நான் ஈக்கிறேன்" என்றார். மஃரிப் தொழுகைக்கு நேரமாகிவிடுமே என்றேன். பள்ளிவாசல் பக்கத்தில்தானே, முடிந்தவுடன் ஓடிவிடுவேன் என்றார். நான் கலஹா பஸ்ஸில் ஏறினேன்.

அக்கா தலையணையில் சாய்ந்து, புதுச் சேலை உடுத்தி, போனைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் சார்த்தி வைத்திருந்தார். அன்று காலையில் இருந்து பச்சைத் தண்ணீர்கூட இல்லை. உதடு காய்ந்திருந்தது. மருமகள் பால் டம்ளரைப் பக்கத்தில் வைத்துவிட்டு அவருடைய கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் அருமையாக வந்தது. சூரன் ரோட்டில் ஆடி ஆடி வருகிறான். யானைத் தலை விழுந்தது. சிங்கத் தலை விழுந்தது. அக்கா ஒவ்வொன்றுக்கும் அவனை ஏசினார், அடுத்த லயத்து வீட்டுக்காரனை ஏசுகிற மாதிரி. கடைசியில் அவனுடைய சொந்தத் தலை. சுவாமி முன்னுக்கு வந்தார். வேல் போய்ப் பட்டது. அரோகரா என்ற சத்தத்தோடு படம் நின்றது.

வட்டம் சுற்றியது.

அக்கா கூப்பிய கையை எடுக்கவில்லை. நான் வெளியே ஓடி நானாவுக்குப் போன் எடுத்தேன். அங்கே மேளச் சத்தம். அதற்கு நடுவில் நானாவின் குரல் வந்தது.

"சிவம், ஒங்கட தலைவர் வேல் பட்ட ஒடனே ஆபீசுக்குள்ள ஓடிப் போய் மயில்னு மாத்திட்டார். எல்லாம் முடியட்டும்னு செல்ல முந்தி ஓடிட்டார். கமரா லைன விட்டு வெளிய விழுந்துட்டு. தையல்காரர் கும்பிட்டு அழுதுக்கிட்டு ஈக்கிறார், போன குடுக்கிறாரில்ல. பொறு." கொஞ்ச நேரம் மேளம் மட்டும் கேட்டது. "வாங்கிட்டேன். நான்தான் மயில் அடிக்கிறேன். அங்க போய்ப் பாரு. எனக்கு மஃரிப் போகுது. நாளைக்கு அல்லாஹ் கேட்டா உன்ட பேரத்தான் செல்லுவேன்."

உள்ளே ஓடினேன். வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. மருமகள் என்னைப் பார்த்த பார்வையில் சத்தியம் பண்ணின கதை முழுக்க இருந்தது. அக்காவின் கூப்பிய விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. பக்தியிலா, சீனி இறங்கியா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நான் வாயைத் திறந்து, தலைவர், பாஸ்வேர்ட் என்று என்னவோ தொடங்கினேன்.

"பேசாம இரு" என்றார் அக்கா.

திரை ஒரு தரம் கறுத்து, திரும்பி வெளிச்சமானது. சூரன் நின்ற இடத்தில் சூரன் இல்லை. தோகை விரித்த மயில் நின்றது. பக்கத்தில் சேவல். சுவாமி மேல் பூக் கொட்டிக்கொண்டிருந்தார்கள்.

அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டு, கண்ணைத் துடைத்துவிட்டு, பாலுக்குக் கை நீட்டினார். மருமகள் டம்ளரைப் பிடித்துக்கொடுக்க, பாதி குடிக்கும்வரை நிறுத்தவில்லை. பிறகுதான் என் முகத்தைக் கவனித்தார்.

"ஏன்டா பேயறஞ்ச மாதிரி நிக்கிற?"

"இல்லக்கா, நடுவுல கொஞ்ச நேரம் நின்னு போச்சு."

"நிக்காம?" என்றார். மிச்சப் பாலைக் குடித்துவிட்டு வாயைத் துடைத்தார். "அவ்வளவு பெரிய அசுரன். ஒடனே மயிலா மாறிடுவானா? அதுக்கும் நேரம் எடுக்குமில்ல."